பல்கலைக்கழக வாசல் சாலையைக் கடப்பவர்களுக்காக நாம் செய்யும் தவறுகள்

பரபரப்பான சாலையை ஒட்டியிருக்கும் பல்கலைக்கழக வாசலில் ஒரு விபத்து நடந்துவிட்டால், மறுநாள் எல்லாரும் சொல்வது இதுதான்: "பசங்க போனைப் பாத்துக்கிட்டே ரோட்டைக் கடக்குறாங்க." போன் பார்ப்பது ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் அதோடு பேச்சை முடித்துக்கொள்வதுதான் முதல் தவறு. வகுப்பு முடிந்ததும் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே வாசலில் வெளியே வருகிறார்கள், பஸ் ஸ்டாப் நேர் எதிரே இருக்கிறது, முறையாகக் கடக்கும் இடமோ 300 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். அங்கே போய்க் கடந்து, மறுபக்கம் திரும்பி நடந்து வந்தால் 600 மீட்டர், எப்படியும் ஏழெட்டு நிமிடம் ஆகும். பஸ் கண்ணெதிரே நிற்கும்போது யார் சுற்றிப் போவார்கள்? நீங்களும் போகமாட்டீர்கள், நானும் போகமாட்டேன். ஆட்கள் எங்கே கடக்கிறார்களோ அங்கேதான் கடக்கும் வசதி வர வேண்டும்.

இதை ஏற்காமல் செய்யும் அடுத்த தவறு நடைமேம்பாலம். வண்டிகள் நிற்காமல் போகும், அதனால் பார்க்க நல்ல தீர்வு போலத் தெரியும். ஆனால் லாரி, பஸ் அடியில் போக வேண்டுமென்றால் பாலம் ஐந்தாறு மீட்டர் உயரத்தில் இருந்தாக வேண்டும், அதற்கு 35, 40 படி ஏறி அதே அளவு இறங்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர், காலில் கட்டுப் போட்ட மாணவர், வயதான பேராசிரியர் இவர்களெல்லாம் என்ன செய்வார்கள்? லிஃப்ட் வைத்தாலும் அது பழுதானால் பழைய கதைதான். மற்றவர்களும் கீழேயே கடப்பார்கள், அதைத் தடுக்க நடுவே கம்பி வேலி போடுவார்கள், அதையும் தாண்டிக் குதிப்பார்கள். ரயில் பாதைக்கும் விரைவுச்சாலைக்கும் மேம்பாலம் சரி, கல்லூரி வாசலுக்கு அது வேண்டாம்.

அப்புறம் வேகம். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய விஷயம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார், ஓட்டுபவர் ஆபத்தைப் பார்த்து பிரேக் மிதிக்க ஒரு விநாடி எடுத்துக்கொண்டாலும், காய்ந்த சாலையில் சுமார் 13 மீட்டரில் முழுதாக நின்றுவிடும். அதே கார் 50-இல் வந்தால் அந்த ஒரு விநாடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடியிருக்கும், பிரேக் அப்போதுதான் பிடிக்கத் தொடங்கும். முதல் கார் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் முழு வேகத்தில் மோதுகிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அடியும் 30-இல் மோதுவதைவிட ஏறக்குறைய 2.8 மடங்கு. இதைத் தெரிந்துகொண்டும் '30' என்று ஒரு பலகையை மட்டும் நட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அகலமாக, நேராக, காலியாகக் கிடக்கும் சாலையில் பலகையை யாரும் மதிப்பதில்லை. சாலையே ஓட்டுபவரைத் தடுக்க வேண்டும்: பாதையைக் குறுக்குவது, திருப்பங்களின் வளைவை இறுக்குவது, கடக்கும் இடத்தையே நடைபாதை உயரத்துக்கு மேடாக்குவது. மேடாக்கினால் வண்டி தானாக மெதுவாகும், நடப்பவரும் படி இறங்க வேண்டியதில்லை.

நாலு வழிச் சாலையில் வெறும் வெள்ளைக் கோடு போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறுதான், சொல்லப்போனால் ஆபத்தான தவறு. ஓரத்துப் பாதையில் ஒரு பஸ் மரியாதையாக நின்று வழி விடுகிறது, நீங்கள் நம்பிக் கடக்கிறீர்கள், பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் வரும் பைக்குக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். இதற்கு வழி இருக்கிறது. வண்டிகள் நிற்க வேண்டிய கோட்டை, ஆட்கள் கடக்கும் இடத்துக்குச் சில மீட்டர் முன்பே போடலாம். சாலை நடுவே ஆள் நின்று போக ஒரு திட்டு கட்டினால், ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் கவனித்தால் போதும். கடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வண்டியைப் பார்க் செய்ய விடவே கூடாது. பஸ் ஸ்டாப்பையும் கடக்கும் இடத்தைத் தாண்டி வைத்தால் இறங்கியவர்கள் பஸ்ஸுக்குப் பின்னால் கடப்பார்கள்.

சிக்னல் இருந்தால் பச்சை நேரத்தை எண்ணிப் பாருங்கள். 14 மீட்டர் சாலையை விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவர் 12 விநாடியில் கடப்பார், 0.8 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு 17, 18 விநாடி வேண்டும். வேகமானவருக்கு அளந்து வைத்த சிக்னலில் மெதுவானவர் பாதிச் சாலையில் மாட்டிக்கொள்கிறார். வண்டிகளுக்குப் பச்சை விழுவதற்கு மூன்று, நாலு விநாடி முன்பே நடப்பவர்களை விட்டுவிட்டால், திரும்பும் வண்டிக்காரர்கள் அவர்களைச் சாலையிலேயே பார்த்துவிடுவார்கள்.

நடப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வண்டி நின்றுவிட்டது என்பதற்காக முழுச் சாலையும் நின்றுவிட்டது என்று நம்பாதீர்கள், அந்த வண்டியின் ஓரத்தில் ஒரு நொடி நின்று எட்டிப் பார்த்துவிட்டுக் கால் வையுங்கள். ஓட்டுபவர் கை காட்டினாலும் அது அவர் வண்டிக்கு மட்டும்தான். இரவில் நீங்கள் வண்டி விளக்கைத் தூரத்திலேயே பார்த்துவிடுவீர்கள், அவரும் உங்களைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தமில்லை.

கடைசியாக, கணக்கெடுப்பு. செமஸ்டர் விடுமுறையில் வந்து ஆட்களை எண்ணிவிட்டு "கூட்டமே இல்லை" என்று எழுதிப் போவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. வகுப்பு நாளில், மணி அடிக்கும் நேரத்தில் ஒரு முறை, நூலகம் மூடும் நேரத்தில் ஒரு முறை வாசலில் நின்று எண்ணுங்கள். மயிரிழையில் தப்பியவர்களையும் எண்ணுங்கள், போலீஸ் கணக்கில் அவர்கள் வரமாட்டார்கள்.