பெட்ரோல் காரில் டர்போ பொருத்தும்போது வேக்குவம் ஹோஸ்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் எஞ்சினில், உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்குப் பின்னால் உள்ள இன்டேக் மேனிபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் குழாய்) அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாண்டுவதில்லை. சென்னை கடல்மட்டத்தில் இருப்பதால் வெளிக்காற்றின் அழுத்தம் இங்கே ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். ஐடிலில் மேனிபோல்டுக்குள் இருப்பது 30 முதல் 40 வரைதான். பிரேக் மிதிக்கும் விசையைக் கூட்டும் பிரேக் பூஸ்டர், எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு, பெட்ரோல் ஆவியை உறிஞ்சும் கேனிஸ்டர் ஆகிய எல்லாம் இந்த உறிஞ்சுதலை (வேக்குவம்) நம்பியே வடிவமைக்கப்பட்டவை. டர்போ வைத்து அரை பார் (50 கிலோபாஸ்கல்) பூஸ்ட், அதாவது கூடுதல் அழுத்தம், கொடுத்தால் அதே மேனிபோல்டில் 150 கிலோபாஸ்கல் வந்துவிடும், உறிஞ்சிய ஹோஸ் ஊதத் தொடங்கும்.

டர்போவுக்கும், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் மாதக்கணக்கில் திட்டமிடுபவர்கள்கூட, விரல் தடிமன் உள்ள இந்த ஹோஸ்களைக் கடைசி நாளில் கண்ணில் பட்ட முனையில் சொருகிவிடுகிறார்கள். எந்த ஹோஸுக்கு உறிஞ்சுதல் மட்டும் தேவை, எந்த ஹோஸ் உள்ளே இருக்கும் அழுத்தத்தை அப்படியே உணர வேண்டும் என்று முதலில் பிரித்துக்கொள்ளாததே பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம். முதல் வகைக்கு, காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் ஒன்வே வால்வு கட்டாயம் வேண்டும். இரண்டாம் வகையில் அது இருக்கவே கூடாது.

பிரேக் பூஸ்டர் முதல் வகை. அதன் ஒன்வே வால்வு சில கார்களில் பூஸ்டரின் முகப்பிலேயே இருக்கும். வேறு சிலவற்றில் ஹோஸுக்குள் மறைந்திருக்கும், வெளியே ஓர் அம்புக்குறி மட்டுமே தெரியும். பழைய ஹோஸ் நீளம் போதவில்லை என்று கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் மீட்டர் கணக்கில் வாங்கிய ஹோஸை மாட்டும்போது, வால்வும் பழைய ஹோஸோடு குப்பைக்குப் போய்விடுகிறது. டர்போ இல்லாதவரை அந்தக் குறை அவ்வளவாக வெளியே தெரியாது. டர்போ வந்தபின், கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்) முழு பூஸ்டில் போய்விட்டு பிரேக்கை மிதிக்கும் அந்த ஒரு கணத்தில்தான் பெடல் கல்லாக இறுகி நிற்கும். வால்வைச் சோதிப்பது எளிது: பூஸ்டர் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், எஞ்சின் பக்கத்திலிருந்து ஊதினால் சிறிதும் போகக் கூடாது. தொழிற்சாலையில் வெறுமனே சொருகி விட்டிருந்த முனைகளுக்கும் இனி கிளாம்ப் போட வேண்டும், ஏனெனில் உறிஞ்சும்போது தானாக இறுகும் ஹோஸ் ஊதும்போது கழன்றுவிடும். ஏசி ஓடும் கார் சிக்னலில் நிற்கும்போது த்ராட்டில் கூடுதலாகத் திறந்து வேக்குவம் குறைவதால், இந்த ஊரில் பூஸ்டருக்குக் கிடைக்கும் சேமிப்பு ஏற்கெனவே சற்றுக் குறைவுதான் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பிசிவி வால்வை அலட்சியப்படுத்தினால் செலவு அதிகம். பழைய பிளாஸ்டிக் வால்வு பூஸ்டில் சரியாக மூடாமல் போனால், காற்று எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவர் வழியாக கிராங்க்கேஸுக்குள் பாய்ந்து, டிப்ஸ்டிக்கை மேலே தூக்கி, ஆயில் சீல்களைக் கசியவைக்கும். சீலை மாற்றிவிட்டு மீண்டும் கசிகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வால்வைத்தான். அதற்குப் பயந்து பிசிவியை அடைத்துவிடுவது இன்னும் மோசம்: பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கும் வாயு டர்போ எஞ்சினில் கூடுதல், அது வெளியேற வழி வேண்டும். பூஸ்ட் அழுத்தத்தைத் தாங்கும் ஒன்வே வால்வு ஒன்றை மேனிபோல்டு பக்கம் வைத்து, கிராங்க்கேஸ் மூச்சுவிடும் மற்றொரு ஹோஸான பிரீதர் ஹோஸை ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையே இணைப்பதே சரியான முறை. கேனிஸ்டர் லைனுக்கும் இதேபோல் ஒன்வே வால்வு போதும்.

இரண்டாம் வகையில் முக்கியமானது, இன்ஜெக்டருக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தத்தைச் சீராக்கும் ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டர். அடிப்படை அழுத்தம் 3 பார் என்றால், அரை பார் பூஸ்டில் அது 3.5 ஆக உயர வேண்டும். இல்லையேல் பெட்ரோலுக்கும் மேனிபோல்டுக்கும் இடையே இன்ஜெக்டருக்குக் கிடைக்கும் அழுத்த வித்தியாசம் 2.5 பாராகச் சுருங்கி, பெட்ரோல் அதிகம் தேவைப்படும் நேரத்தில் குறைந்துவிடும். அந்த லைனில் ஒன்வே வால்வு வைத்தால் ரெகுலேட்டர் பூஸ்டை உணரவே உணராது. ரெகுலேட்டர் டேங்குக்குள் இருக்கும் புதிய கார்களில் இந்த ஹோஸே கிடையாது, அங்கே எஞ்சின் கம்ப்யூட்டரான இசியுவின் டியூனிங்தான் ஈடுகட்ட வேண்டும். மேனிபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சருக்கும் தனி ஹோஸ் வேண்டும். அதோடு, டர்போ இல்லாத காரின் சென்சர் வெளிக்காற்று அழுத்தத்தோடு நின்றுவிடும் என்பதால் அதையே மாற்ற வேண்டும். ஒரே ஹோஸில் டி வடிவ இணைப்பு போட்டு ரெகுலேட்டர், சென்சர், பூஸ்ட் மீட்டர் மூன்றையும் இணைத்தால், மீட்டர் முனை கழன்ற அன்று மற்ற இரண்டும் பொய் சொல்லும். பழைய டிஸ்ட்ரிபியூட்டர் கார்களில், உறிஞ்சுதலைக் கொண்டு இக்னிஷன் நேரத்தை முன்தள்ளும் வேக்குவம் அட்வான்ஸ் டயாபிரம் பூஸ்டுக்காகச் செய்யப்பட்டதல்ல. அதற்கும் ஒன்வே வால்வு மாட்டினால் பழைய உறிஞ்சுதல் உள்ளே சிறைப்பட்டு, பூஸ்டிலும் இக்னிஷன் முன்தள்ளியே நின்று நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடிக்கும் தட்டல்) வரும்.

பூஸ்ட் அளவைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டுக்கான லைனை டர்போவின் கம்பிரஸரிலிருந்தும், த்ராட்டிலை மூடும்போது மிஞ்சும் அழுத்தத்தை விடுவிக்கும் ப்ளோ ஆஃப் வால்வுக்கான லைனை த்ராட்டிலுக்குப் பின்னாலிருந்தும் எடுக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் டர்போவுக்குள் காற்று நுழையும் வாயை அடைத்து, பஞ்சர் கடை கம்பிரஸரால் அரை பார் காற்றை மெதுவாக ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கலாம். அப்போது பிரீதர் ஹோஸைக் கழற்றி, டர்போ பக்கத்து முனையை மூடிவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். அங்கே காற்று வரும் சத்தம் கேட்டால் பிசிவி ஹோஸைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும்: சத்தம் நின்றால் ஒன்வே வால்வு கசிகிறது, நிற்காவிட்டால் அது பெரும்பாலும் பிஸ்டன் ரிங் வழியாக இறங்கும் காற்று.