கோரஸ் நாபை எவ்வளவு திருப்பலாம்?

கோரஸ் என்றால் என்னவென்று தெரிய, டிசம்பரில் மார்த்தாண்டம் பக்கம் ஏதாவது ஒரு சர்ச்சில் கொயர் பாடும்போது கண்ணை மூடிக் கேளுங்கள். இருபது பேரும் ஒரே வரியைத்தான் பாடுகிறார்கள், ஆனால் ஒருவர் இம்மி முந்துவார், ஒருவர் பிந்துவார், இன்னொருவர் சுருதியில் மயிரிழை ஏறி நிற்பார், அந்தப் பிசகெல்லாம் சேர்ந்துதான் பாட்டு அவ்வளவு அகலமாகக் கேட்கிறது. அதே பிசகை ஒற்றைக் கிட்டாரில் வேண்டுமென்றே செய்வதுதான் கோரஸ் எஃபெக்ட்.

உள்ளே நடப்பது இதுதான். ஒலியை ஒரு நகல் எடுத்து, சுமார் 15 முதல் 30 மில்லி செகண்ட் தாமதப்படுத்தி, அசலோடு கலக்கிறது. தாமதம் அசையாமல் நின்றால் உயிரே இருக்காது. அதனால் எல்எஃப்ஓ என்கிற மெதுவான அலை ஒன்று தாமதத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். குறையும்போது நகலின் சுருதி ஏறும், கூடும்போது இறங்கும். ஹாரனை அழுத்திப் பிடித்தபடி பஸ் நம்மைத் தாண்டிப் போகும்போது சத்தத்தின் சுருதி இறங்குமே, அதே சங்கதி.

1976இல் பாஸ் (Boss) கம்பெனி விட்ட சிஇ-1 மாதிரி, காலால் மிதித்து இயக்கும் பழைய பெடல்களில் இந்தத் தாமதத்தை பக்கெட் பிரிகேட் சிப் செய்தது. வீட்டுக்கு கான்கிரீட் போடும்போது சட்டியைக் கை மாற்றிக் கை மாற்றி மேலே ஏற்றுவார்கள் இல்லையா, சிப்புக்குள் ஒலியும் அப்படித்தான் நகரும். கை மாற்றும் வேகம் கூடினால் தாமதம் குறையும்.

சரி, நாபுக்கு வருவோம். அசலோடு நகல் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதுதான் மிக்ஸ், அதை முதலில் பாதியில் வையுங்கள். முழுவதும் திருப்பினால் அசல் போய் நகல் மட்டும் மிஞ்சும், அது வைப்ரேட்டோ. ரேட், அதாவது அந்த அலை ஆடும் வேகத்தை, நொடிக்கு ஒரு சுற்றுக்கும் கீழே வைத்துக்கொண்டு, டெப்த், அதாவது அது ஆடும் அளவை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அசைவு காதில் பட்டதும் ஒரு இழை குறைத்துவிடுங்கள். ரேட்டை ஏற்றினால் டெப்தை இறக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் சுருதி விலகுவது இரண்டையும் பொறுத்தது, இரண்டும் உச்சத்தில் இருந்தால் கடல் மயக்கம் வந்த மாதிரி இருக்கும். தாமதத்தைச் சில மில்லி செகண்டுக்கு இறக்கி, வெளிவரும் நகலைத் திரும்ப உள்ளேயே விட்டு ஃபீட்பேக் கொடுத்தால் அது ஃபிளாஞ்சர் என்கிற எஃபெக்ட், வேறு விஷயம். அடிச்சுருதி (பேஸ்) குழம்பினால் நகலில் மட்டும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் இருந்தால் கோரஸ் அதற்குப் பின்னால். கமகம் வைத்துப் பாடும் தனிக் குரலுக்கு மட்டும் தயவுசெய்து வேண்டாம், சுசீந்திரத்துப் பெரியவர் யாராவது கேட்டால் தம்பூராவைச் சரி பண்ணச் சொல்வார்.

நான் சொதப்பியது ஸ்டீரியோவில். வீட்டில் ஹெட்போனில் கீபோர்டு வானம் மாதிரி விரிந்தது, ஊர்த் திருவிழாவில் மைக் செட்டில் போட்டால் கோரஸே காணோம். சில கருவிகள் நகலை ஒரு பக்கம் கூட்டியும் மறுபக்கம் தலைகீழாக்கியும் அனுப்பும், மிக்சரில் இரண்டு பக்கமும் ஒன்றாகி மோனோவாகச் சேர்ந்தால் அந்த நகல்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். இப்போதெல்லாம் மைக் செட்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுகிறேன், மோனோ என்றால் 'எல்/மோனோ' என்று எழுதிய ஓட்டையில் மட்டும் ஒயர், மற்றதைத் தொடுவதே இல்லை.