கடலூரிலிருந்து முதுமலை: முதல் தடவை குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு

மஞ்சக்குப்பத்திலிருந்து நாங்கள் ஐந்து பேர், மாமியார் உட்பட, போன நவம்பரில் நீலகிரியில் இருக்கும் முதுமலைக் காட்டுக்குப் போய்வந்தோம். காடு என்றால் பிள்ளைகளுக்கு பிச்சாவரம் சுரபுன்னைதான் தெரியும். அறை பதிவதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், மற்றதைச் சொல்கிறேன்.

முதலில் வழி. விருத்தாசலம், சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம், அப்புறம் கோத்தகிரி, ஊட்டி, கூடலூர். வயதானவர்கள் கூட வந்தால் ஒரே நாளில் ஓட்டாதீர்கள். மேட்டுப்பாளையத்தில் இரவு தங்கிவிட்டுக் காலையில் மலை ஏறுங்கள்.

அடுத்தது இ-பாஸ். நாங்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வெளியூர் வண்டி நுழைய இது வேண்டும். அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை, டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவு வண்டிகளுக்கும் தேவையில்லை. பணம் எதுவும் கட்ட வேண்டாம். தமிழக அரசின் இ-பாஸ் தளத்தில் கைபேசி எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும். பிறகு வண்டி எண், எத்தனை பேர், என்றைக்கு வந்து என்றைக்குத் திரும்புகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்று நிரப்பினால் க்யூஆர் குறியோடு பாஸ் வந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

ஆனால் பாஸ் ஆளுக்கு இல்லை, வண்டிக்கு. நான் நான்கு நாள் முன்பே எடுத்து வைத்திருந்தேன். கிளம்பும் அன்று காலை வாடகை வண்டிக்காரர்கள் வேறொரு வேனை அனுப்பிவிட்டார்கள். அதுவும் டிஎன் 31, அதே வெள்ளை நிறம். யாருக்கும் உறைக்கவில்லை. குஞ்சப்பனை சோதனைச்சாவடியில், "மேடம், பாஸ்ல இருக்கிற நம்பர் வேற, வண்டி நம்பர் வேற" என்றார்கள். ஓரமாக நிறுத்திப் புதிதாகப் போட உட்கார்ந்தேன். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்ததால் ஓடிபி மூன்று முறை காலாவதியானது. முக்கால் மணி நேரம் போயிற்று, சின்னவன் பசியில் அழ ஆரம்பித்துவிட்டான். அதனால் வண்டி வாசலுக்கு வந்ததும் நம்பர் பலகையைப் பாஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண் மாறியிருந்தால் வீட்டு வைஃபையிலேயே வேறு பாஸ் எடுத்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் ஒரு பிரிண்ட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. எவர்சில்வர் பாட்டில்தான் சரி. முறுக்கையும் டப்பாவில் போடுங்கள்.

வண்டியில் காட்டைச் சுற்றிப் பார்க்கும் சவாரிக்கு, முதுமலைக்குள் இருக்கும் தெப்பக்காட்டில் வனத்துறை வரவேற்பு மையத்துக்குப் போங்கள். என் விருப்பம் வனத்துறை வண்டிதான். வெளியே ஜீப்பில் கூப்பிடுகிறவர்களிடம் போகாதீர்கள். கோடையில் காட்டுத்தீ அபாயம் இருந்தால் சவாரியை நிறுத்திவைப்பதும் உண்டு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். 1940இலேயே சரணாலயமாகி, 2007இல் புலிகள் காப்பகமான காடு இது. புலியைக் காட்டுவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள், அமைதியாக இருக்கச் சொல்லிக் கொடுங்கள். எங்கள் ஓட்டுநர் ஓரிடத்தில் இன்ஜினை அணைத்தார். மூங்கில் புதருக்குள் மடக் மடக்கென்று முறியும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒரு காது அசைவது தெரிந்தது. பெரியவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தெப்பக்காடு யானைகள் முகாமுக்கு உணவு கொடுக்கும் நேரம் பார்த்துப் போங்கள், காலையிலும் மாலையிலும் உண்டு. கேழ்வரகுக் களியைச் செங்கல் மாதிரி வெட்டி, வெல்லமும் தேங்காயும் சேர்த்துப் பிசைந்து, பாகன் இரண்டு கையாலும் நேரே வாய்க்குள் வைக்கிறார். ஒவ்வொரு யானைக்கும் அளவு வேறு. "நம்ம வீட்ல பிள்ளைக்கு ஊட்டுற மாதிரியே இருக்கு" என்று மாமியார் அங்கிருந்து நகரவே இல்லை.

பின்சேர்க்கை: இதைப் படித்த இருவர் வழியைப் பற்றிக் கேட்டார்கள். ஊட்டியிலிருந்து முதுமலைக்கு மேப் கல்லட்டி வழியைக் குறுக்குவழியாகக் காட்டும். அது 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள செங்குத்துப் பாதை, வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை. தூரம் அதிகமானாலும் கூடலூர் வழியே போங்கள். முதுமலையிலிருந்து அப்படியே மைசூர் போவதானால் இன்னொன்று: பண்டிப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். மாலையிலேயே தாண்டிவிடுங்கள்.