மைக்ரோவேவுக்குள் பொறி பறந்தால்: மைக்கா ஷீட்டைச் சோதிப்பதும் மாற்றுவதும்

ஓவனுக்குள் பட் பட்டென்று சத்தம், மஞ்சளாகவோ நீலமாகவோ ஒரு வெளிச்சம், பின்னாலேயே கருகல் வாடை. பார்த்ததும் நிறுத்திவிட்டு பிளக்கைப் பிடுங்குங்கள். பொறியோடு நிற்காமல் உள்ளே தீயே பிடித்துவிட்டால் கதவைத் திறக்காதீர்கள். காற்று போகாவிட்டால் தானாக அணையும்.

இதற்காக ஓவனையே தூக்கிப் போடத் தேவையில்லை. பெரும்பாலும் கோளாறு, உள்ளே அலைகள் வரும் வழியை மூடியிருக்கும் தபால் அட்டை அளவுள்ள மைக்கா ஷீட்டில்தான் இருக்கும். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

முதலில் பாத்திரத்தைச் சந்தேகப்படுங்கள்

தங்க நிறக் கோடு போட்ட பீங்கான் தட்டு, எவர்சில்வர் கிண்ணம், பார்சல் பொட்டலத்தின் அலுமினிய ஃபாயில், பையின் வாயைக் கட்டும் கம்பி எல்லாமே பொறி கிளப்பும். கன்வெக்ஷன் மாடல் வைத்திருப்பவர்கள் பலர், கிரில் செய்த கம்பி ஸ்டாண்டை உள்ளேயே மறந்துவிட்டு மைக்ரோ மோடில் போட்டுவிடுகிறார்கள். ஸ்டாண்டின் கால் சுவரை ஒட்டிக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் பெயின்ட் பொசுங்கிவிடும். கேரட், பச்சைமிளகாய் போன்றவை தண்ணீரில்லாமல் துண்டுகளாகச் சூடாகும்போதும் சில சமயம் பொறி வரும். ஈரமும் உப்புச்சத்தும் உள்ள இரண்டு துண்டுகளின் முனைகள் நெருங்கும் இடத்தில் மின்புலம் குவிவதுதான் காரணம். கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி போட்டால் சரியாகிவிடும்.

இதில் எதுவுமே இல்லை, மைக்கா ஷீட்டில் கண்ணுக்குத் தெரிந்து கருகலும் இல்லை என்றால் ஒரு சோதனை: கோடு, பூ வேலை எதுவும் இல்லாத கண்ணாடி டம்ளரில் 250 மில்லி தண்ணீர் வைத்து, முழு பவரில் 1 நிமிடம் ஓடவிடுங்கள். பொறி வராவிட்டால் ஓவன் நன்றாக இருக்கிறது. வந்தால் எந்த இடத்தில் என்று பார்த்துக்கொண்டு உடனே நிறுத்துங்கள். வெறும் ஓவனை மட்டும் ஓட்டிச் சோதிக்காதீர்கள். உறிஞ்ச எதுவும் இல்லாமல் அலைகள் திரும்பிப் போய், அவற்றை உண்டாக்கும் பாகமான மேக்னட்ரானைத்தான் வாட்டும்.

மைக்கா ஷீட்டைக் கழற்றுவது

உள்ளே வலப்பக்கச் சுவரில், வெள்ளியும் பழுப்பும் கலந்த நிறத்தில் ஒரு மெல்லிய தகடு இருக்கும். சில மாடல்களில் கூரையில் இருக்கும். பேக்கிங் அட்டை என்று நினைத்து அதைப் பிய்த்துப் போட்டவர்களும் உண்டு. மேக்னட்ரானிலிருந்து வரும் அலைகளுக்கு வழிவிட்டு, குழம்புத் தெறிப்பை மட்டும் தடுப்பது அதன் வேலை. எண்ணெயும் மசாலாவும் அதில் படிந்து, சூட்டில் கருகி, கரியாகிவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும், அலையையும் உறிஞ்சும். அதனால் ஒருமுறை பொறி வந்த இடத்திலேயே மறுபடி வந்து, ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும்.

பிளக் சுவரிலிருந்து வெளியே இருக்கட்டும். ஒரு ஸ்க்ரூவோ பிளாஸ்டிக் கிளிப்போ இருக்கும். சிலவற்றில் ஓரங்கள் பள்ளத்தில் செருகியிருக்கும். மெதுவாக எடுங்கள். பழையது எவ்வளவு நொறுங்கியிருந்தாலும் குப்பையில் போடாதீர்கள், புதியதற்கு அதுதான் அளவு.

இந்த வேலை முழுவதும் ஓவனுக்குள் உணவு வைக்கும் பக்கத்திலேயே முடிந்துவிடும். ஓவனின் வெளி மூடியைக் கழற்றவே வேண்டாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 2000 வோல்ட்டுக்கு மேல் வேலை செய்வது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜைப் பிடித்துவைத்திருக்கும், ஆளைக் கொல்லும்.

கரியைச் சுரண்டுவது: எல்லோரும் தாண்டிவிடும் இடம்

புது ஷீட் போட்ட சில நாளிலேயே அதுவும் ஓட்டையாகிவிட்டது என்பதுதான் அதிகம் கேட்கிற புகார். ஷீட் மட்டமானது என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். ஷீட்டுக்குப் பின்னால், அலைகள் வெளிவரும் சதுர வாயின் விளிம்பில் பழைய கரி அப்படியே இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. ஒரு கடுகளவு கரி மிச்சமிருந்தாலும் பொறி அங்கிருந்துதான் கிளம்பும்.

டார்ச் அடித்துப் பாருங்கள். முதலில் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, 10 நிமிடம் ஊறவிட்டு ஈரத்துணியால் துடையுங்கள். (எலுமிச்சைத் தண்ணீரை உள்ளே கொதிக்கவிட்டு ஆவியில் சுத்தம் செய்யும் முறை நல்லதுதான், ஆனால் ஓட்டை விழுந்த ஷீட்டோடு அதைச் செய்யக் கூடாது.) எண்ணெய்ப் பிசுக்கு போனாலும் பெயின்ட்டுக்குள் இறங்கிய கரி இதற்கெல்லாம் போகாது. அங்கே 400 நம்பர் உப்புத்தாளால், கறுப்பு மறைந்து பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். ஸ்டீல் நார் வேண்டவே வேண்டாம்; உதிரும் ஒவ்வொரு இழையும் புதுப் பொறிக்கு விதை.

தேய்த்த இடத்தில் மைக்ரோவேவ் உட்புறத்துக்கென்றே விற்கும் பெயின்ட்டை மெல்லிசாக இரண்டு கோட் அடித்து, டப்பாவில் சொன்ன நேரம் முழுக்கக் காயவிடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் எனாமல், நெயில் பாலிஷ் இதற்கு உதவாது. துரு ஏறித் தகடே ஓட்டையாகியிருந்தால் பெயின்ட் காப்பாற்றாது, அந்த ஓவனை மாற்றிவிடுங்கள்.

ஷீட்டுக்குப் பின்னால் உள்ள அந்தச் சதுர வாய் வழியாக, பல மாடல்களில் மேக்னட்ரானின் தொப்பி தெரியும், தையல்காரர் விரலில் மாட்டும் கூடு மாதிரி சின்ன உலோக மூடி. அது உருகியோ ஓட்டையாகியோ இருந்தால் இதோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். தொப்பி மட்டும் போயிருந்தால் செலவு குறைவு, மேக்னட்ரானே போயிருந்தால் கணிசமாக ஆகும்.

வெட்டிப் பொருத்துவது

0.4 மில்லிமீட்டர் தடிமன் ஷீட் போதும். உதிரிபாகக் கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். பழையதைவிடக் கொஞ்சம் பெரியதாகவே வாங்குங்கள். கத்தரிக்கோலிலும் வெட்டலாம்தான், ஆனால் ஓரம் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். ஸ்டீல் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு பேப்பர் கட்டரால் அழுத்தாமல் நாலைந்து முறை கீறுவதே மேல். ஸ்க்ரூ துளைக்கு டிரில் மெஷின் வேண்டாம், டிரில் பிட்டைக் கையால் திருகினாலே போதும். பள்ளத்தைவிட ஒரு மில்லிமீட்டர் சிறியதாக இருக்கட்டும். இறுக்கமாக வெட்டிவிட்டு உப்பலாகச் செருகினால் சூட்டில் விரிசல் விடும்.

மைக்கா கிடைக்கும்வரை என்று பிளாஸ்டிக் ஷீட், எக்ஸ்ரே பிலிம், அட்டை எதையும் வைக்காதீர்கள். ஷீட்டே இல்லாமலும் ஓட்டாதீர்கள், தெறிப்பெல்லாம் நேராக மேக்னட்ரான் பக்கம் போகும்.

பொருத்தியதும் மறுபடி 250 மில்லி தண்ணீர், 1 நிமிடம். புது மைக்காவிலிருந்து முதல் தடவை லேசாக வாடை வரலாம், புகை வரக் கூடாது.

பின்சேர்க்கை: மைக்கா சரியாக இருந்தும் பக்கச் சுவரில் பொறி வருகிறது என்பவர்கள், ஸ்டாண்டைத் தாங்கும் கொக்கிகளையும் ஸ்க்ரூ தலைகளையும் பாருங்கள். அவற்றின் பிளாஸ்டிக் மூடி கழன்றாலோ பிசுக்கு கருகினாலோ அங்கேயும் இதே கதைதான். சுத்தம் செய்து, அந்த மாடலுக்கான மூடியையே வாங்கி மாட்டுங்கள்.