வயதான குதிரை நொண்டாமல் இருக்க: காலிலும் குணத்திலும் நாம் கோட்டைவிடும் இடங்கள்

"வயசான குதிரைன்னா நொண்டத்தான் செய்யும்" என்று சேலத்தில் குதிரை வளர்ப்பவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. என் பெண் குதிரைக்கு இப்போது 22 வயது. தினமும் நடக்கிறது, சின்னப் பிள்ளைகளைச் சுமக்கிறது. அதன் கால் அமைப்பும் நிதானமான குணமும்தான் அதை இதுவரை காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் அந்த இரண்டையும் நான் தப்பாகப் படித்த காலமும் உண்டு.

முதல் தவறு சந்தையிலேயே தொடங்கிவிடுகிறது. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போகிறோம். சுழி பார்க்கிறோம், நிறம் பார்க்கிறோம், மார்வாரி இனம் என்றால் காது வளைவைப் பார்க்கிறோம், வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறோம். கால் கடைசியில்தான். அதுவும் மண்ணிலோ புல்லிலோ குளம்பு புதைந்து நிற்கும்போது. சுழி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உடம்பைச் சுமப்பது கால்தான். நிற்கும் குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்கள் மேலேயே இறங்குகிறது. அதனால் வயசாகும்போது பெரும்பாலும் முன்னங்கால்தான் முதலில் பேச ஆரம்பிக்கும்.

சமமான சிமெண்ட் தரையில் நிறுத்தச் சொல்லுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்று போதும். முன்னால் நின்று, தோள் முனையிலிருந்து நூலைத் தொங்கவிடுங்கள். முட்டியையும் குளம்பையும் அது சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். நூல் ஒரு பக்கம் விலகினால், மூட்டின் ஒரு பக்கம் ஒவ்வொரு அடிக்கும் கூடுதலாகத் தேய்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் பக்கவாட்டில் வாருங்கள். குளம்புக்கு நேர் மேலே இருக்கும் சாய்வான பகுதியும் குளம்பின் முன்பக்கமும் ஒரே கோட்டில், தரையோடு ஏறக்குறைய 50 டிகிரியில் இருந்தால் நல்லது. இந்தப் பகுதி நெட்டுக்குத்தாக இருந்தால் தரையின் அதிர்வு நேராக எலும்புக்கும் மூட்டுக்கும் போகும். மிகவும் நீண்டு சாய்ந்திருந்தால் பின்பக்கத்துத் தசைநார் இழுபடும். முட்டி பின்னோக்கி வளைந்த குதிரையை நான் வாங்கவே மாட்டேன். லேசாக முன்னோக்கி வளைந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அது அவ்வளவு கெடுதல் செய்வதில்லை.

வாங்கியபிறகு கோணலைக் கண்டுபிடித்துவிட்டு, லாடம் கட்டுபவரிடம் "காலை நேராக்கிக் கொடுங்கள்" என்று கேட்பது இன்னொரு தவறு. குட்டியாக இருக்கும்போது ஓரளவு திருத்தலாம். வளர்ச்சி முடிந்த எலும்பைத் திருத்த முடியாது. குளம்பை ஒருபக்கமாகச் செதுக்கி வலுக்கட்டாயமாக நேராக்கினால் மூட்டுதான் திருகும். வயதான குதிரைக்கு வேண்டியது, அதன் கோணலுக்கு ஏற்ற சமநிலை. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு செதுக்க வேண்டும். "லாடம் தேயட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று விடுகிறோமே, லாடம் தேயாவிட்டாலும் குளம்பு மாதம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளர்ந்துகொண்டேதான் இருக்கும். நுனி நீண்டால் குதிகால் பக்கம் பாரம் ஏறும்.

சரி, குணத்துக்கு வருவோம். படபடப்பான குதிரை இறக்கத்தில் அவசரப்படும், பக்கவாட்டில் துள்ளும், நடந்து முடிக்க வேண்டிய தூரத்தைப் பாதி ஓடித் தீர்க்கும். ஏற்காட்டுச் சாலைகள் மாதிரி ஏற்ற இறக்கத்தில் இது காலைச் சீக்கிரம் தின்றுவிடும். நிதானமான குதிரை பார்த்துப் பார்த்து அடி வைக்கும். அதனால்தான் நீண்ட காலம் உழைக்கும்.

ஆனால் நிதானத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது: சாதுவாக இருப்பதை வலியில்லாமல் இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். என்னுடையது இறக்கத்தில் மெதுவாக நடக்க ஆரம்பித்தபோது, "எவ்வளவு பொறுப்பு பாருங்கள், பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்து நடக்கிறது" என்று பெருமைப்பட்டேன். ஒரு மார்கழிக் காலை, பனி விலகாத நேரம், இடது முன்னங்காலை அரை அடி முன்னால் நீட்டி வைத்து நின்றது. குளம்பைத் தொட்டேன், மற்றதைவிடச் சூடு. குளம்புக்கு மேலே பின்பக்கம் விரல் வைத்தால் நாடி தட்டித் தட்டி அடித்தது. நல்ல குளம்பில் அந்த நாடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மருத்துவர் இடுக்கி போன்ற கருவியால் குளம்பை அழுத்தியபோதுதான் காலைச் சட்டென்று இழுத்தது. வலியோடு எத்தனை நாள் பிள்ளைகளைச் சுமந்ததோ, இன்றைக்கும் நினைத்தால் மனசு அடித்துக்கொள்கிறது.

அதனால் இப்போது குதிரை சொல்லட்டும் என்று காத்திருப்பதில்லை. வாரம் ஒருமுறை கெட்டித் தரையில் நேராக மெதுவோட்டத்தில் ஓட்டிக்கொண்டு போகச் சொல்லித் தலையைப் பார்க்கிறேன். வலிக்கும் முன்னங்கால் தரையில் பதியும்போது தலை மேலே எழும், நல்ல கால் பதியும்போது இறங்கும். சந்தேகம் வந்தால் அன்றைக்கே சவாரி நிறுத்தம். எக்ஸ்ரே வரை பார்க்க வேண்டியிருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கம்தான்.

வயசாகிவிட்டது, ஓய்வெடுக்கட்டும் என்று நாள் முழுக்கக் கட்டிப்போடுவதும் கெடுதல். தேயும் மூட்டு அசையாமல் இருந்தால் இறுகிவிடும். மலைக்குளிரில் இன்னும் மோசம். புதிதாக நொண்டல் எதுவும் இல்லாத குதிரையைக் காலையில் அதன் போக்கில் நடக்கவிடுங்கள்.

தெம்புக்கென்று கொள்ளு அள்ளிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். "கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது மனிதருக்குச் சொன்னது. குதிரைக்குத் தானியம் மிஞ்சினால் உடம்பு பெருத்து, குளம்புக்குள் அழற்சி வரும். பச்சைப் புல்லும் காய்ந்த புல்லும்தான் அதற்குச் சாப்பாடு, கொள்ளு கொஞ்சம் போதும், அதையும் ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. குதிரை நின்றபடியே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்து தூங்கப் படுத்தே ஆக வேண்டும். மூட்டு வலிக்கும் கிழட்டுக் குதிரை, எழ முடியாதோ என்று பயந்து படுப்பதையே விட்டுவிடும். அதனால் லாயத்தில் மணல் ஆழமாகப் போட்டிருக்கிறேன். தினமும் காலையில் தீனிக்கு முன்னால் அதன் விலாவைத் தடவிப் பார்ப்பேன். இன்றைக்கு இடது விலா முழுக்க மணல் ஒட்டியிருந்தது.