கொள்ளைநோய்க் காலத்தை ஊரில் விசாரிப்பது எப்படி

வரலாற்றுச் செயற்றிட்டத்துக்குக் கொள்ளைநோயை எடுக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டுக்கொண்டு போகாதீர்கள். யார் வீட்டுப் படலை மூடியது, எந்தக் கிணற்றில் அள்ளவிடவில்லை, பிரேதத்தை யார் தூக்கினார்கள் என்று கேளுங்கள். ஊர் கோபப்பட்ட இடம் அங்கேதான் அகப்படும்.

கொரோனாவில் தொடங்குவது சுலபம். அதில் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் எரிக்கத்தான் வேண்டும் என்று 2020இல் இலங்கையில் உத்தரவு வந்தது. கொழும்பில் பொரளை கனத்தை மயான வேலியில் சனம் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டியது. 2021 பெப்ரவரியில்தான் அரசு அடக்கத்துக்கு இறங்கிவந்தது. யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் வாழும் சோனகதெருவில் இதைக் கேட்டால் ஒரு பின்னேரம் போதாது. நோயைவிட உத்தரவுதான் சனத்தைக் கிளப்பும் என்பது என் எண்ணம். 1897இல் புனேயில் பிளேக் சோதனை என்று வீடு வீடாகப் புகுந்தார்கள். அந்தக் கோபத்தில் பொறுப்பதிகாரி ராண்ட் என்ற ஆங்கிலேயரைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள்.

அப்புறம் மெல்லப் பின்னுக்குப் போங்கள். "அம்மாள் வந்த வீட்டுக்குச் சாப்பாடு ஆர் கொண்டுபோய் வைச்சது, ஆச்சி?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ஆச்சி முருங்கையிலை உருவிக்கொண்டே படலையில் செருகிய வேப்பிலையில் தொடங்கி, எட்டிப் பார்க்காத சொந்தக்காரரில் வந்து நிற்பார். மருமகள் குறுக்கே வந்து திருத்துவார். இருவர் சொல்வதையும் எழுதுங்கள். சண்டை பிடிக்கும் இடம்தான் சுவையானது.

அப்பு தெற்கில் கிளாக்கராகவோ ஸ்டேசன் மாஸ்டராகவோ இருந்த குடும்பமா? 1934–35 மலேரியாவைக் கேளுங்கள். கேகாலை, குருநாகல் பக்கம்தான் பேரடி. நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் போனார்கள். மருந்தும் பருப்பும் கொண்டு கிராமங்களுக்குப் போன இடதுசாரி இளைஞர்கள் 1935 டிசம்பரில் சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். அடுத்த வருசமே என்.எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குள் போய்விட்டார்கள்.

எழுத்துச் சான்றுக்கு 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையைத் தேடுங்கள். மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்த கிறீன் வைத்தியரின் காலமும் (1847–1873) அதற்குள் வரும். யாழ் நூலகத்தில் இருந்தது 1981இல் எரிந்துபோயிற்று. ‘நூலகம்’ என்ற பெயரில் உள்ள இணையத்தளத்தில் துழாவிப் பாருங்கள்.

கிணற்றுக் கதையில் சாதி வராமல் போகாது. கதையை விடாதீர்கள், பெயர்களை விடுங்கள். வாசிகசாலையில் கட்டுரையை ஒட்டுவதாக இருந்தால் வளவின் அடையாளத்தையும் எடுத்துவிடுங்கள். அள்ளவிடாத குடும்பமும் அள்ளமுடியாத குடும்பமும் இன்றைக்கும் ஒரே ஒழுங்கையில்தான் இருக்கும்.