'போயிட்டு வர்றேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

உகாண்டாவில் மசாக்கா பக்கம், ஒரு பங்குக் கோவிலை ஒட்டிய தையல் வகுப்பில் இரண்டு வருஷம் சேவை செய்துவிட்டு ஏற்காடு திரும்பியவள் நான். இப்படிப் போன இடத்தில் உங்களுக்கும் கிளம்ப மூன்று மாதம்தான் பாக்கி என்றால், முதலில் அலமாரிச் சாவியைக் கொடுத்துவிடுங்கள்.

நான் கடைசி வாரம் வரை அதை இடுப்பிலேயே செருகி வைத்திருந்தேன். பாபின் எங்கே, ஊசி எங்கே என்று எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, ஒத்துக்கொள்கிறேன். போகிற நேரத்தில் அளவு நோட்டைப் பிரித்தால் பாதி தமிழில் கிடக்கிறது! இரண்டு ராத்திரி உட்கார்ந்து, ஒரு மாணவி அவர்கள் மொழியான லுகாண்டாவில் மாற்றி எழுதினாள். அந்தக் கூத்து வேண்டாம். வகுப்பை ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுங்கள். மிஷின் பெல்ட் அறுந்தால்கூட எழுந்திருக்காதீர்கள்.

கிளம்பும் தேதியைப் பங்குச்சாமி ஞாயிறு பூசையில் அறிவிக்கட்டும். மறுநாளே கோழியும் மட்டோக்கே வாழைத்தாரும் வீடு தேடி வரும். வேண்டாம் என்பது முகத்தில் அடிக்கிற மாதிரி. வாங்கிச் சமைத்து, கொடுத்தவர்களையும் உட்காரவைத்துச் சாப்பிடுங்கள்.

அப்புறம்தான் கஷ்டமான வேலை. நம் வீட்டில் 'போறேன்' என்று வாய் தவறிச் சொன்னாலே அம்மா அதட்டுவார், 'போயிட்டு வர்றேன்னு சொல்லு' என்று. அதே பழக்கத்தில் ஒரு பையனிடம் 'ஐ வில் கோ அண்ட் கம்' என்றேன். 'எந்த மாதம்?' என்று கேட்டான். என்ன சொல்ல? நமக்கு அது மங்கலச் சொல், அவனுக்கு வாக்கு. 'வெராபா' என்று அவர்கள் சொல்லிலேயே விடைபெறுங்கள். பள்ளிக் கட்டணம் அனுப்புவீர்களா என்றும் கேட்பார்கள். முடியாதென்றால் அன்றைக்கே முடியாது என்றுவிடுங்கள். முடியுமென்றால் பங்குக் கோவில் வழியாக அனுப்புங்கள், தனி ஆள் கையில் வேண்டாம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் உகாண்டாவிலிருந்து இங்கே வந்து இறங்கினால் 6 நாள் வரை உங்களைத் தனிமைப்படுத்தி வைத்துவிடலாம். மிச்ச ஷில்லிங்கை அங்கேயே மாற்றிவிடுங்கள். சேலத்தில் நான் கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள்.

எங்களுடையது காப்பித் தோட்டத்து வீடு. விதைக்கு நாலு ரோபஸ்டா கொட்டை கொண்டு வா என்று அப்பா போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் எடுக்கவில்லை. 1990களில் வந்த வாடல் நோயில் அங்கே ரோபஸ்டா தோட்டங்கள் நின்ற நிலையிலேயே காய்ந்தன. அது என் பெட்டியில் ஏறி இங்கே வர வேண்டாம். வறுத்து அரைத்த தூள் கொண்டுவந்தேன். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, 'நம்மது தேவலாம்' என்றார்.

வந்த மூன்றாவது வாரம் காய்ச்சல். மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சேலத்தில் ஒரு கிளினிக்கில் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர்களும் கேட்கவில்லை, நானும் உகாண்டா என்று வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் மலேரியா. திரும்பிய சில மாதங்களுக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே போங்கள். டாக்டர் நாடி பிடிப்பதற்குள், 'ஆப்பிரிக்காவில் இருந்து வந்திருக்கிறேன், மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள்' என்று சொல்லிவிடுங்கள்.